கேபிள் போட்டது யார் என்பதோடு கேள்வியை நிறுத்தாதீர்கள்

ஏழை நாடுகளில் இணையக் கட்டமைப்பு போட்டுத் தருவதில் வல்லரசுகளுக்குள் நடக்கும் போட்டியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அதில் ஒரே கேள்விதான் இருக்கிறது: சீனாவா, அமெரிக்காவா? கடலடி கேபிள் கரையேறும் நிலையங்களில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதிக் கேள்விதான். போட்டு முடித்த பிறகு அதை யார் இயக்குகிறார்கள், அறுந்தால் யார் வந்து ஒட்டுகிறார்கள், பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

பசிபிக் தீவு நாடான சாலமன் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இணையம் என்றால் வெகுகாலம் செயற்கைக்கோள்தான். விலை அதிகம், வேகமும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி வரை ஒரு கேபிள் போட, சீனாவின் ஹுவாவே குழுமத்தைச் சேர்ந்த ஹுவாவே மரைன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். தன் கரையில், தன் நெட்வொர்க்கில் வந்து சேரும் கேபிளை ஹுவாவே போடுவதா என்று ஆஸ்திரேலியா பதறியது. 2018-ல் செலவில் பெரும்பங்கைத் தானே ஏற்க முன்வந்து, பப்புவா நியூ கினியாவையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 4,700 கிலோமீட்டர் நீளத்துக்கு கோரல் சீ கேபிளை 2019-ல் போட்டுக் கொடுத்தது. சரி, ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். 2022 ஆகஸ்டில் அதே சாலமன் தீவுகள் 161 செல்போன் கோபுரங்களை ஹுவாவேயிடம் வாங்குவதற்காகச் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியில் சுமார் 44.9 கோடி யுவான் கடனுக்கு ஏற்பாடு செய்தது. வட்டி 1 சதவீதம், 20 ஆண்டுத் தவணை. ஆக, ஒரு கிராமத்து வாட்ஸப் செய்தி சீனக் கோபுரத்தில் ஏறி ஆஸ்திரேலியக் கேபிள் வழியாக வெளியே போகும் நாடு அது.

இதில் யாரை நம்புவது? சீனாவின் 2017 உளவுச் சட்டம், உளவுப் பணிக்கு ஒத்துழைக்கும்படி அந்நாட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த அச்சம் நியாயமானது. அதே சமயம், பிரிட்டன் கண்ணாடியிழைக் கேபிள்களிலிருந்தே தகவலை அள்ளியதை 2013-ல் அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் ஆவணங்கள்தான் காட்டின. இரு தரப்பையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. கொடியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்க முடியாது என்கிறேன்.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். கடலுக்கு அடியில் பல பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக, மங்கும் ஒளிக்கு வலுவூட்டும் ஒளிப்பெருக்கி இருக்கும். அத்தனைக்கும் கரையிலிருந்துதான் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் போகிறது. அந்த மின்சாரத்தை நிறுத்தினால் கேபிள் செத்துவிடும். எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் இருக்கும். நள்ளிரவில் அலாரம் அடித்து, பணியில் இருப்பவருக்குப் பிடிபடவில்லை என்றால், தயாரித்த நிறுவனத்தின் உதவி மையத்தைக் கூப்பிடுவார், அவர்கள் எங்கோ இருந்துகொண்டே உள்ளே நுழைந்து பார்ப்பார்கள். தொழிலில் இது சாதாரணம். வேலை முடிந்ததும் அந்த வழி மூடப்பட்டதா, அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற பதிவு யாரிடம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பொறியாளர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்பதுதான் விஷயம். சின்ன நாடுகள் பலவற்றில் அந்த ஆளைத் தயார் செய்ய யாரும் பணம் ஒதுக்குவதில்லை. ரிப்பன் வெட்டும் நாளில் படத்தில் வராத செலவு அது.

போட்டியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை செல்லும் சீ-மீ-வீ 6 கேபிளில் ஸ்ரீலங்கா டெலிகாமும் இந்தியாவின் ஏர்டெலும் பங்குதாரர்கள். அது சென்னையிலும் கரையேறுகிறது. ராய்ட்டர்ஸ் 2023-ல் வெளியிட்ட செய்தியின்படி, சீனாவின் எச்எம்என் (முன்பு ஹுவாவே மரைன் என்றிருந்த அதே நிறுவனம்) குறைந்த விலைக்கு முன்வந்திருந்தும், அமெரிக்க அரசின் அழுத்தத்துக்குப் பிறகு வேலை அமெரிக்காவின் சப்காமுக்குப் போனது. வழியில் உள்ள ஐந்து தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பயிற்சிக்காக 38 லட்சம் டாலர் தருவதாகவும் அமெரிக்கா சொன்னது. சைனா டெலிகாமும் சைனா மொபைலும் விலகிக்கொண்டன.

பசிபிக்கில் நடந்தது இன்னும் வருத்தமானது. மைக்ரோனேசியா, கிரிபாட்டி, நவுரு ஆகிய மூன்று நாடுகளுக்கான கேபிளுக்கு உலக வங்கி ஆதரவில் டெண்டர் விட்டார்கள். எச்எம்என் களத்தில் இருந்ததால் அமெரிக்கா எச்சரித்தது. 2021-ல் டெண்டர் யாருக்கும் கொடுக்கப்படாமலே முடிந்தது. பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பணம் போட்டு, 2023 ஜூனில்தான் ஜப்பானின் என்இசி-யோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அத்தனை காலமும் அந்தத் தீவுகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் காத்துக்கிடந்தன.

அப்புறம் ரிப்பேர். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் கேபிள் அறுந்தபோது, பழுதுபார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியாவிலிருந்து கிளம்பி வரவேண்டியிருந்தது. பன்னாட்டு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. எனவே இனி ஒரு நாடு வல்லரசோடு கேபிள் ஒப்பந்தம் போட்டது என்று படித்தால், பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள்: எத்தனை நாளில் கப்பல் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், உதிரிக் கேபிள் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது, கடன் தவணை தவறினால் நிலையம் யாருக்குப் போகும். பெரும்பாலும் இவை வெளியிடப்படுவதே இல்லை. வெளியிடச் சொல்லி அந்த நாட்டு எம்.பி.க்களும் பத்திரிகையாளர்களும் கையெழுத்துக்கு முன்பே கேட்கவேண்டும், கேபிள் கடலில் இறங்கிய பிறகு அல்ல.