பொதுஜன அபிப்பிராயம்: சொல் விளக்கம்

போர், ஆட்சி, விலைவாசி பற்றி மக்களில் பெரும்பாலோர் என்ன நினைக்கிறார்கள் என்பதே பொதுஜன அபிப்பிராயம். பழைய பத்திரிகைகளில் அடிக்கடி வந்த தொடர், இப்போது அருகிவிட்டது.

‘பொது’ தமிழ். ‘ஜனம்’, ‘அபிப்பிராயம்’ இரண்டும் வடமொழி. அபிப்பிராயத்துக்கு அங்கே நோக்கம், உட்பொருள் என்பதே முதற்பொருள். தமிழில் கருத்து என்ற சொல் இருக்கவே இருக்கிறது. எழுது, எழுத்து ஆவது போலக் கருது, கருத்து ஆனது. ஆக, பொதுக்கருத்து, மக்கள் கருத்து இரண்டும் சரி. எனக்கு மக்கள் கருத்துதான் பிடிக்கும். காரணம் புறநானூற்றில் இருக்கிறது.

35ஆம் பாட்டு. காவிரி நாட்டை ஆண்ட சோழன் கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் போகிறார். நிலவரி பாக்கி நிற்கிறது. களத்தில் நீ பெறும் வெற்றியே உழவனின் ஏர் தந்ததுதான் என்று நேருக்கு நேர் சொல்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் ‘காவலர்ப் பழிக்கும் இக்கண்ணகன் ஞாலம்’ என்கிறார். போர், அரசியல், பொருளாதாரம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. அப்புறம்தான் நம் சொல்லுக்கு வேண்டிய வரி: ‘நொதுமலாளர் பொதுமொழி கொள்ளாது’, ஏர்மாடு காப்பவர்களின் பாரத்தைப் பார். நொதுமலாளர் என்றால் சம்பந்தமில்லாத அயலார். அவர்கள் பேச்சைத்தான் புலவர் பொதுமொழி என்கிறார்! பாக்கி தள்ளுபடி ஆயிற்று என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

அயலார் பேச்சுக்கும் உழவர் பாரத்துக்கும் உள்ள அந்த வேறுபாடு இன்றும் காவிரி டெல்டாவில் கண்ணுக்குத் தெரிகிறது. 2022இல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் உர விலை ஏறியபோது, திருவாரூர்ப் பக்கத்து விவசாயிக்குப் போர் என்பது குறுவைச் சாகுபடிக்கு டிஏபி உர மூட்டை கிடைக்குமா என்ற கேள்விதான். 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டெல்டா கொதித்தது. அடுத்த மாதமே, அங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. நிலத்தில் கால் வைத்தவர்களின் கருத்து அது. அதை வெறும் ‘பொது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருத்துக்கேட்பு, கருத்துக்கணிப்பு இரண்டும் வேறு. முன்னது திட்டம் வருமுன் ஊராரைக் கூட்டிக் கேட்பது. பின்னது மாதிரிக்குச் சிலரைக் கேட்டு அளப்பது. கணிப்பில் வந்த எண்ணையே மக்கள் கருத்து என்று செய்தியில் எழுதுவது பிழை.