கிளைடு கடலில் வானத்தைக் காணோம்

1890களில் ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் எடுத்த பந்தயப் படகுப் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் படகு, மலை போல எழுந்த பாய்கள், தூரத்தில் கரடுமுரடான பாறைக் கரை. மேலே வானம் மட்டும் வெறும் வெள்ளைக் காகிதம். பொட்டு மேகம் கிடையாது. ஸ்காட்லாந்துதானே, எப்போதும் மூடியே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

கொஞ்சம் நின்று படகின் தளத்தைப் பாருங்கள். பல படங்களில் பாய்மரத்தின் நிழல் பலகை மேல் கத்தியால் கீறியது மாதிரி விழுந்திருக்கும். மாலுமிகளின் தொப்பி விளிம்புக்குக் கீழே பாதி முகம் கறுத்திருக்கும். மூடிய வானத்தில் இப்படி நிழல் விழாது. அன்றைக்கு நல்ல வெயில். வானம் நீலமாக இருந்திருக்கிறது, பஞ்சு மேகங்களும் மிதந்திருக்கலாம். அப்படியானால் அதையெல்லாம் துடைத்தெடுத்தது யார்?

படம் பிடித்த தகடுதான்.

அந்தக் காலத்துத் தகடு என்பது ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் ஜெலட்டின் பூச்சு, ஜெலட்டினுக்குள் பொடிப்பொடியாக சில்வர் புரோமைடு படிகங்கள். ஒரு படிகத்தின் மேல் ஒளித்துகள் விழுந்தால் உள்ளே ஓர் எலக்ட்ரான் கழன்று ஓடும். அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து அதை வெள்ளி அணுவாக்கும். ஒரே இடத்தில் நாலைந்து அணுக்கள் சேர்ந்துவிட்டால் போதும். பிறகு டெவலப்பர் என்ற, படத்தை வெளிக்கொண்டுவரும் திரவத்தில் நனைக்கும்போது அந்தச் சின்னப் புள்ளியில் தொடங்கி முழுப் படிகமும் கறுத்த வெள்ளியாக மாறிவிடும். ஒரு சட்டிப் பாலுக்கு ஒரு துளி உறைமோர் போதும் என்பது மாதிரிதான்.

ஆனால் எலக்ட்ரானைக் கழற்ற ஒளித்துகளுக்கு வலு வேண்டும். நீலம், ஊதா, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஆகியவற்றுக்கு அந்த வலு உண்டு. பச்சைக்கு அநேகமாக இல்லை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அறவே இல்லை. சில்வர் புரோமைடு வெளிர் மஞ்சளாகத் தெரிவதே இதற்குச் சாட்சி: நீலத்தை விழுங்கிக்கொண்டு மிச்சத்தை நம் பக்கம் திருப்பி அனுப்புகிறது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பூச்சில் தகுந்த சாயம் கலந்தால் பச்சையையும் பார்க்கவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் அப்படி வந்தவை. அவற்றுக்கும் சிவப்பு தெரியாது, நீலத்தின் மேல் உள்ள மோகமும் குறையவில்லை.

இப்போது வானத்துக்கு வருவோம். நீல வானம் நீல ஒளியைக் கொட்டுகிறது. வெள்ளை மேகமும் கொட்டுகிறது, கூடவே பச்சையும் சிவப்பும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். தகட்டுக்கு அந்தக் கூடுதல் கணக்கிலேயே வராது. அதைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வெளிச்சம். நெகட்டிவில் வானம் முழுக்கக் கறுப்பாகி, அச்சில் முழுக்க வெளுத்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் நிறத்தை மட்டும் கழித்த காட்சி என்று நாம் நினைக்கிறோம். இந்தப் படங்கள் அப்படியல்ல. சிவப்பே தெரியாத ஒரு கண் பார்த்த காட்சி இது. படகின் பின்னால் பறக்கும் சிவப்புக் கொடி கரிக்கட்டை மாதிரி தெரியும். மாலுமிகள் எல்லாரும் கறுத்துப் போயிருப்பார்கள், வெயில் பட்டுச் சிவந்த முகம் அது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் மிகப் பழைய ஸ்டுடியோ படங்களிலும் கொள்ளுப்பாட்டியின் குங்குமப் பொட்டு மை மாதிரிக் கறுத்திருப்பதை இதே கண்ணோடு பாருங்கள்.

இதில் படகுப் படக்காரருக்குத்தான் பெரிய தலைவலி. அவருடைய பாய்கள் வெள்ளைப் பருத்தித் துணி. பின்னணி வெள்ளையாகிப்போன வானம். வெள்ளைச் சுவரில் வெள்ளைத் துணி உலர்த்தியது போல இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஒரு வழி, சூரியனைப் படகுக்கு அந்தப் பக்கம் விட்டு, பாயின் நிழல் பக்கத்தைப் படம் பிடிப்பது. அப்போது பாய் சாம்பல் நிறமாகி வானத்திலிருந்து பிரிந்து நிற்கும். துணி வழியாக ஒளி கசியும்போது, இரண்டு மடிப்பாகத் தைத்த இடங்கள் மட்டும் கோடு கோடாகக் கறுத்துத் தெரியும். பாய் எத்தனை பட்டைத் துணியால் ஆனது என்று இன்றைக்கும் எண்ணிவிடலாம்.

மஞ்சள் கண்ணாடி வடிகட்டி போட்டு நீலத்தைக் குறைத்தால் மேகம் பதியும். ஆனால் வெளிச்சம் குறைந்த அளவுக்கு ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டும். மலையைப் படம் பிடிக்கிறவர் காத்திருக்கலாம். ஓடும் படகு காத்திருக்காது. எனவே சிலர் மேகத்தைத் தனியாக ஒரு தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அச்சிடும்போது வெறும் வானத்தில் ஒட்டுப் போட்டார்கள். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே தன் கடல் படங்களில் இதைச் செய்தவர். பழைய படங்களில் மேகத்தின் வெளிச்சம் ஒரு பக்கமும் படகின் நிழல் இன்னொரு பக்கமும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஓடும் படகு என்றேனே, அதற்கு எவ்வளவு வேகமான ஷட்டர் தேவை? பிரிட்டானியாவை எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் இளவரசருக்காக ஜார்ஜ் லெனாக்ஸ் வாட்சன் வடிவமைத்து, கிளாஸ்கோவின் பார்ட்டிக்கில் கட்டி 1893 ஏப்ரலில் மிதக்கவிட்ட படகு. நீளம் 37 மீட்டர். தகட்டில் அந்த 37 மீட்டரும் 10 சென்டிமீட்டராக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், படம் நிஜத்தில் 370இல் ஒரு பங்கு. படகு மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். ஷட்டர் நொடியில் 100இல் ஒரு பங்கு திறந்தால் அதற்குள் படகு 5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். தகட்டில் அது 0.14 மில்லிமீட்டர் மங்கல். கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில் நம் கண் பிரித்தறியக்கூடிய எல்லை சுமார் 0.1 மில்லிமீட்டர். நூலிழையில் தோற்றுப்போகிறது! படகு குறுக்கே ஓடாமல் சாய்வாகக் கேமராவை நோக்கி வந்தால் பக்கவாட்டு நகர்வு குறைந்து அந்த 0.14 என்பது 0.1 ஆகிவிடும். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் படகின் முன்முனை நம்மைப் பார்த்துச் சாய்வாக வருவதற்கு அழகு மட்டுமே காரணமில்லை.

இதைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு: படக்காரர் நிற்கும் படகு. அவருடைய லென்ஸின் குவியத் தூரம் 30 சென்டிமீட்டர், காலுக்குக் கீழே படகு நொடிக்கு 5 டிகிரி ஆடுகிறது என்று வையுங்கள். அதே 100இல் ஒரு பங்கு நேரத்தில் பிம்பம் தகட்டின் மேல் கால் மில்லிமீட்டர் வழுக்கிவிடும். அதாவது அரச குடும்பத்துப் பந்தயப் படகின் வேகம் செய்யும் சேதத்தைவிட இந்தத் தொட்டில் ஆட்டம் செய்யும் சேதம் அதிகம். தப்பிக்க ஒரே வழி, ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அமுக்குவது. அங்கே ஆட்டத்தின் வேகம் பூஜ்யம். இங்கிலாந்தின் கவுஸ் துறைமுகத்தில் படம் எடுத்த ஃபிராங்க் பெக்கன் இதற்கென்றே ஒரு உத்தி வைத்திருந்தார். கேமராப் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஷட்டரை இயக்கும் ரப்பர் உருண்டையைப் பல்லால் கடிப்பார்.

இருபது வருடம் முன்னால் இந்தப் படங்களை எடுத்திருக்கவே முடியாது. 1851இல் வந்த ஈரக் கொலோடியன் முறையில் தகட்டைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஆடும் படகில் அதற்கு ஓர் இருட்டறை வேறு! பெரிய தகடு என்றால் சில நொடிகள் வெளிச்சமும் கேட்கும். 2 நொடியில் பிரிட்டானியா 10 மீட்டர் போயிருக்கும், தகட்டில் வெறும் புகை மூட்டம்தான் மிஞ்சும். 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டினில் உலர் தகடு செய்து பார்த்தார். 1878இல் சார்லஸ் பென்னட், பூசுவதற்கு முன் அந்தக் கலவையை நாள்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் உணர்திறன் பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார். படிகங்கள் பெரிதாவது ஒரு காரணம். இன்னொன்று ஜெலட்டினில் ஒட்டிக்கொண்டிருந்த துளிக் கந்தகம். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடி போன்றவற்றிலிருந்து அது எலும்புக்கும் தோலுக்கும் வந்து, அங்கிருந்து ஜெலட்டினுக்கு வந்தது என்பது 1925 வாக்கில்தான் புரிந்தது. பிரிட்டானியாவின் பாய் கூர்மையாகப் பதிந்ததில் ஏதோ ஒரு மாட்டின் தீவனத்துக்கும் பங்கு இருக்கிறது.

சரி, பின்னால் தெரியும் பாறை? கிளைடின் தென்கோடியில் என்றால் அது பெரும்பாலும் எய்ல்சா கிரெய்க். கடலிலிருந்து நேராக 338 மீட்டர் எழும் ஒற்றைப் பாறைத் தீவு, அயர்ஷயர் கரையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டையில் உறைந்துபோன குழம்பு அது. சுற்றியிருந்ததெல்லாம் தேய்ந்து, அடைப்பு மட்டும் நிற்கிறது. மிக நுண்ணிய மணிகள் கொண்ட கிரானைட் என்பதால், பனிக்கட்டி மேல் சறுக்கவிடும் கர்லிங் விளையாட்டுக்கு இந்தத் தீவின் கல்லுக்குத்தான் மதிப்பு. பனியுகத்தில் பனியாறுகள் இதன் துண்டுகளைப் பெயர்த்துத் தெற்கே வேல்ஸ் வரை உருட்டிக்கொண்டு போயிருக்கின்றன. அவ்வளவு தனித்துவமான கல் என்பதால், கிடக்கிற இடத்தை வைத்தே பனி எந்தத் திசையில் ஓடியது என்று நிலவியலாளர்கள் கோடு போட முடிந்தது.

இவ்வளவு கெட்டியான பாறை படத்தில் ஆவி மாதிரி வெளிறித் தெரியும். அதற்கும் தகடுதான் காரணம். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. தூரத்துப் பாறைக்கும் நமக்கும் நடுவே அந்த நீல மூட்டம் திரையாகத் தொங்குகிறது. நம் கண்ணுக்கு அது மெல்லிய திரை. நீலத்தை மட்டுமே பார்க்கிற தகட்டுக்கோ அது கெட்டித் திரை.

பாறையின் அடியைக் கவனியுங்கள், அலை மோதும் வெள்ளைக் கோடு இருக்காது. கேமரா கடல்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 6 கிலோமீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடும். 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவின் கீழ் 6, 7 மீட்டர் பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். கேமரா 3 மீட்டரில்தான் இருந்தது என்று எப்படித் தெரியும்? தொடுவானக் கோட்டை ஓர் அடிக்கோலால் படகின் மேல் நீட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் எல்லாப் பொருளையும் அந்தக் கோடு கேமராவின் உயரத்திலேயே வெட்டும். தளத்தில் நிற்கும் மாலுமியின் இடுப்பை வெட்டினால், படக்காரரின் லென்ஸும் தண்ணீரிலிருந்து அந்த இடுப்பின் உயரத்தில்தான் இருந்தது.

அவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதும் கணக்கில் வந்துவிடும். 30 சென்டிமீட்டர் லென்ஸ், 370இல் ஒரு பங்கு என்றால் தூரம் 110 மீட்டர் அளவு. பந்தயப் படகுக்கு முன்னால் அது ஆபத்தான தூரம். 1894 ஜூலை 5 அன்று இதே கிளைடில், வழியில் நின்ற ஒரு சிறு படகை இடிக்காமல் விலகப்போன சாட்டனிட்டா என்ற பந்தயப் படகு, பக்கத்தில் வந்த வால்கிரி 2 என்ற இன்னொரு பந்தயப் படகின் மேல் பாய்ந்தது. வால்கிரி சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது.

கரைக்கு வந்ததும் படக்காரர் தகடுகளை இருட்டறைக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தகட்டுக்குத்தான் சிவப்பு தெரியாதே! அந்த வெளிச்சத்தில் தட்டை ஆட்டி ஆட்டி, பாய் எப்போது கறுக்கிறது என்று கண்ணால் பார்த்தே சரியான நேரத்தில் வெளியே எடுப்பார். 1906இல் லண்டனை ஒட்டிய குரோய்டனில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறமும் தெரியும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேகம் பிடிப்பது எளிதாயிற்று, சிவப்பு விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கும்மிருட்டில், தெர்மாமீட்டரில் சூடு பார்த்துவைத்துக்கொண்டு கடிகாரக் கணக்கில்தான் கழுவினார்கள்.