சிக்னல் கோடு முழுசாக இருந்தும் வீடியோ ஏன் நிற்கிறது?

பெங்களூரு பானசவாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மூன்று மாடி வீடு. கீழே மாமனார் மாமியார், நடுவில் இவர்கள், மொட்டை மாடியில் ஒரு ரூம், அதுதான் இவருடைய ஆபீஸ். 200 எம்பிபிஎஸ் வேக இணைப்பு, மாடிக்கு ஒன்றாக மூன்று மெஷ் பெட்டி, அதாவது கீழே இருக்கும் முதல் ரவுட்டரின் வைஃபையை வயர் இல்லாமல் ஒன்றுக்கொன்று கைமாற்றி மேலே கொண்டுபோகும் பெட்டிகள். போனில் சிக்னல் கோடு முழுசாகத் தெரிகிறது, ஆனால் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்து போகிறது. பெட்டியை மாற்ற வேண்டுமா, கம்பெனியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். நான் இருப்பது பக்கத்தில் ஜீவன் பீமா நகர். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு உட்கார முடியாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே போய்விட்டேன்.

முதலில் ஒரு விஷயம். போன் காட்டும் கோடு, போனுக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள சிக்னலை மட்டும்தான் சொல்லும். அந்தப் பெட்டிக்கும் கீழே இருக்கும் முதல் ரவுட்டருக்கும் என்ன உறவு என்று அதற்குத் தெரியாது. அதை மெஷ் பெட்டியோடு வரும் ஆப்பில் பார்க்கலாம். கோடு, படம் எல்லாவற்றையும் விட டிபிஎம் என்று ஒரு எண் இருக்கும், சிக்னல் வலிமையின் அளவு அதுதான், அதைப் பாருங்கள். மைனஸில் வரும், சைபருக்குக் கிட்டே இருந்தால் நல்லது. −50 அருமை, −67 வரைக்கும் வீடியோவுக்குத் தாங்கும், −80 என்றால் திண்டாட்டம். 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மாடி ரூமில் போனுக்கு −41. ஆனால் மேல் பெட்டிக்கும் நடுப் பெட்டிக்கும் இடையே −81, நடுவுக்கும் கீழுக்கும் −74.

பெட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. மூன்றும் ஒன்றின் தலைமேல் ஒன்றாகத் தென்கிழக்கு மூலையில். "கரண்ட் சாமான் எல்லாம் அக்னி மூலையிலதான் இருக்கணும் தம்பி, வாஸ்துக்காரர் சொல்லியிருக்காரு" என்றார் மாமியார். அக்னி மூலை என்றால் சமையலறை. கீழ் ரவுட்டர் ஃப்ரிட்ஜ் மேலே, ஒரு முழம் தள்ளி மைக்ரோவேவ் அடுப்பு. நடுப் பெட்டி எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்டுக்குப் பின்னால். மேல் பெட்டி இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சும், வைஃபை பேசுவது முக்கியமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையில், மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால் கசிகிற கொஞ்சமே வைஃபைக்குப் பெரிய இரைச்சல். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேறு. அந்த அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அலைக்குத் திசை சாஸ்திரம் கிடையாது, சுவரும் கம்பியும்தான் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ரவுட்டருக்கு மூலை குறித்துக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, சிக்னல் பலவீனமாக இருந்தால் மாடி ரூம் மட்டும்தானே கஷ்டப்பட வேண்டும்? அந்த வீட்டில் நடு மாடியிலும் அடிக்கடி வேகம் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஒரு அலைத் தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பிப் போகும். அப்படியானால் யார் எப்போது பேசுவது? ரவுட்டர் கையில் மணி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அடிப்படை வைஃபையில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு போனும் டிவியும் வைஃபை பல்பும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். காற்று அமைதியாக இருந்தால் சுமார் 34 மைக்ரோ நொடி பொறுக்கும் (மைக்ரோ நொடி என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இங்கே சொல்லும் எண்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு). அப்புறம் மனதுக்குள் 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, 9 மைக்ரோ நொடிக்கு ஒன்றாகக் கீழ்நோக்கி எண்ணும். நடுவில் வேறு யாராவது பேச ஆரம்பித்துவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும், மறுபடி முதலிலிருந்து இல்லை. காத்திருந்தவருக்குக் காத்திருந்த பலன் கிடைக்க வேண்டும் அல்லவா. சைபர் வந்தால் பேசும். பேசியது போய்ச் சேர்ந்தால் 16 மைக்ரோ நொடியில் எதிர்முனையிலிருந்து 'வந்தது' என்று ஒரு குட்டிப் பதில் வரும். வரவில்லையா, யாரோடோ மோதிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை 0 முதல் 31 வரை குலுக்கும், அதுவும் போனால் 63, இப்படியே 1023 வரைக்கும் போகும். கூட்டம் அதிகமாக அதிகமாகத் தானாகவே ஒதுங்கி நிற்கிறது! தலைவன் இல்லாமல், வரிசை போடாமல், முன்பின் தெரியாத கருவிகள் இப்படிப் பழகிக்கொள்வதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

இந்த எண்ணத்தின் வேர் 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு ஓடவிட்ட அலோஹா நெட் வலையில் இருக்கிறது. வேறு வேறு தீவில் இருந்தவர்கள் ஒரே ரேடியோ அலைவரிசையில் ஒரு கணினியோடு பேச வேண்டும். அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள், அனுப்பிவிடுவார்கள், பதில் வராவிட்டால் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள், அவ்வளவுதான். பேசுவதற்கு முன் கேட்கும் பழக்கம் பிறகுதான் சேர்ந்தது.

இந்த முறையில் வாய்ப்பு எல்லாருக்கும் சமம், ஆனால் ஒரு வாய்ப்பில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் சமம் இல்லை. வலிமையான சிக்னல் உள்ள போன் வேகமாகப் பேசும். பலவீனமானது, எதிராளிக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துப் பேசும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தகவல் துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டுக்குப் பொட்டலம் என்று பெயர். ஒரு பொட்டலம் 1500 பைட், அதாவது 12,000 பிட். 300 எம்பிபிஎஸ்ஸில் பேசும் போனுக்கு அதை அனுப்ப 40 மைக்ரோ நொடி போதும். 6 எம்பிபிஎஸ்ஸில் பேசும் கருவிக்கு 2000. இரண்டும் மாறி மாறிப் பேசினால், வேகமான போனுக்கும் 2040 மைக்ரோ நொடிக்கு ஒரு பொட்டலம்தான். 300 என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குக் கையில் கிடைப்பது 6 கூட இல்லை! ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறையை ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுத்தால், கையில் சரியான பணத்தோடு நிற்பவரும் நின்றுதானே ஆக வேண்டும். புது ரவுட்டர்கள் சிலவற்றில் வாய்ப்பைப் பங்கிடாமல் நேரத்தைப் பங்கிடும் வசதி இருக்கிறது, பல பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டியும் அனுப்புகின்றன, ஆனாலும் அடிப்படைச் சிக்கல் முழுசாகப் போகாது.

அந்த வீட்டில் சில்லறை எண்ணியது யார் என்று தேடினோம். வாசல் இரும்பு கேட்டுக்கு மேல் ஒரு கேமரா, −83, ராத்திரி பகல் என்றில்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் வீடியோ அனுப்பிக்கொண்டே இருந்தது. பெட்டிகளும், 5 கிகாஹெர்ட்ஸ் அந்தத் தளத்தைத் தாண்டாததால், தங்களுக்குள் பேச 2.4-க்கே இறங்கியிருந்தன. மாடியில் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலமும் அதே 2.4-இல் மேலிருந்து நடுவுக்கு ஒரு தடவை, நடுவிலிருந்து கீழுக்கு ஒரு தடவை, இரண்டுமே பலவீனமான பேச்சு, கூடவே கேமராவின் இழுவை. கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன், மாடி ரூமில் 4 எம்பிபிஎஸ்ஸாக இருந்த வேகம் 11 ஆனது. அந்தப் பெண் போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு செய்ததெல்லாம் சாதாரணம். ஃபைபர் வயரை நீட்டி முதல் ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்தோம், அது கேட்டைப் பார்த்த பக்கம், கேமராவுக்கு −66 கிடைத்தது. நடுப் பெட்டியை மாடிப்படி திரும்பும் இடத்தில் வைத்தோம். படிக்கட்டுக்கு மேல் தளம் கிடையாது, அலை ஏறி வரும் வழி அது. சிக்னல் செத்துப்போன இடத்தில் பெட்டியை வைத்தால் உயிர் வரும் என்றுதான் எல்லாரும் வைக்கிறார்கள். பெட்டி தன் காதில் விழுவதைத்தான் திருப்பிச் சொல்லும், அதனால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற கடைசி இடத்தில் வைக்க வேண்டும். இணைப்பு −61-க்கு வந்தது, பெட்டிகள் தாமாக 5-க்கு ஏறிக்கொண்டன, நடு மாடியில் 90 வந்தது. இன்னொன்று, போன் எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான். ஐபோன் −70 வாக்கில் போனால்தான் வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும். மாடி மாறியதும் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் பேசும்போது எனக்கு ஒரு ஆதங்கம் வரும். சுவரில் பட்டுச் சிதறி வரும் எதிரொலிகளிலிருந்து சிக்னலைப் பிரித்தெடுக்கும் வைஃபை நுட்பம் ஒன்று ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய குழுவின் ஜான் ஓ'சல்லிவன் அதற்கு முன்னால் தேடிக்கொண்டிருந்தது வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலையை. கருந்துளை அகப்படவில்லை, கற்ற கணக்கு வைஃபைக்கு உதவியது, காப்புரிமையில் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வந்தது. நம் ஊட்டியிலும் மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970-இலிருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் எழுப்பியது. ஆனால் ஆராய்ச்சிக்கு நாடு செலவழிப்பது 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். இதனால் என்ன பயன் என்று முதல் நாளே கேட்காமல் பணம் கொடுக்க நமக்கும் மனசு வர வேண்டும்.

மாடி ரூம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. தொட்டிச் சுவரிலிருந்து பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதில் 35 வரைக்கும் வருகிறது, மழை நாளில் கதவைச் சாத்தினால் அதுவும் குறைகிறதாம். மாடிப் பெட்டியை வயரிலேயே இணைத்துவிட, எஸ்.பி. ரோட்டில் 20 மீட்டர் கேட்-6 நெட்வொர்க் வயர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பழைய டிஷ் வயர் இறங்கும் குழாயிலேயே அதையும் இழுத்துவிட சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார்.