தாரை என்ற சொல்லும் ஜெட் போடும் சத்தமும்

ஜெட் என்றதும் நமக்கு விமானம்தான் கண்முன் வருகிறது. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது பறப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எறிதல், வீசுதல் என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சு வினைதான் மூலம், அதற்குப் பின்னால் லத்தீன். புராஜெக்ட், ரிஜெக்ட், இன்ஜெக்‌ஷன் இவற்றிலெல்லாம் ஒளிந்திருக்கும் 'ஜெக்' அதே குடும்பம்தான். குறுகிய வாய் வழியாக வேகமாக எறியப்படும் நீரோ காற்றோ எதுவானாலும் ஜெட். அப்படிக் காற்றைப் பின்னால் எறிந்து முன்னால் போகும் விமானம் முதன்முதலாகப் பறந்தது 1939 ஆகஸ்டில்தான், ஜெர்மனியின் ஹைன்கல் நிறுவனம் செய்தது. (கன்னங்கரேல் என்பதற்கு 'ஜெட் பிளாக்' என்கிறார்களே, அந்த ஜெட் வேறு. அது ஒரு கரிய கல்லின் பெயர்.)

சரி, தமிழில்? தாரை. 'தாரை தாரையாகக் கண்ணீர்' என்கிறோம், கையில் உள்ளதை யாருக்கோ 'தாரை வார்த்துவிட்டான்' என்கிறோம், இரண்டிலும் இருப்பது அறுபடாமல் விழும் ஒழுக்கு. வடமொழிச் சொல்லாயிற்றே என்று முகம் சுளிப்பவர்களுக்கு 'பீச்சு' இருக்கிறது. பீச்சாங்குழலில் உள்ள அதே பீச்சு. வினையாக எனக்கு அதுதான் பிடிக்கும், குழல் பீச்சுகிறது, வெளியே வருவது தாரை. தாரைக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு, நீண்ட ஊதுகொம்பு. ஜெட்டின் இரைச்சலைப் பற்றிப் பேசப் போகிறவனுக்கு இதைவிடத் தோதான சொல் கிடைக்குமா?

அந்த இரைச்சலுக்கு 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். தாரையின் வேகம் ஒலியைவிடக் குறைவாக இருக்கும்வரை, அது எழுப்பும் ஒலியின் திறன் ஏறத்தாழ வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் 256 மடங்கு. இன்றைய விமான எஞ்சின்கள் தடித்த, மெதுவான தாரையை விடுவதால்தான் பழையவற்றைவிடச் சத்தம் குறைவு.

இந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கப் போனால் அடுத்த சொல் சிக்கல். வேகமான தாரை, சும்மா நிற்கும் வெளிக்காற்றை உரசிக்கொண்டு போகிறது, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு. அதில் ஒரு சின்ன நெளிவு விழுந்தால் போதும். நெளிவு புடைத்த இடத்தில் காற்று நெருக்கப்பட்டு விரைகிறது, அழுத்தம் இறங்குகிறது, அதனால் புடைப்பு இன்னும் வெளியே இழுபடுகிறது, குழிந்த பக்கம் நேர்மாறு, இப்படியே நெளிவு தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு சுருண்டு சுழலாகிறது. இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இலும் கெல்வின் 1871இலும் எழுதியது இதைத்தான். ஆங்கிலத்தில் 'இன்ஸ்டெபிலிட்டி வேவ்' எனப்படும் இதை 'நிலையாமை அலை' என்று எழுதினால் குறளின் 34ஆம் அதிகாரம் வந்து நிற்கும். அங்கே பேச்சு அழிவதைப் பற்றி, இங்கே ஒரு சிறு குலைவு வளர்வதைப் பற்றி. தன்மையைச் சொல்ல 'நிலையின்மை' போதும். அலைக்கு என் ஓட்டு 'நிலைகுலைவு அலை'.

இந்த அலை தாரையின் வேகத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காட்டில் ஓடும். நொடிக்கு 600 மீட்டர் வேகத் தாரை என்றால் நெளிவு 400 மீட்டரை ஒட்டி ஓடுகிறது, வெளிக்காற்றில் ஒலியோ 340தான். ஒலியை முந்தும் நெளிவு, நீரில் விரையும் படகு இருபுறமும் சாய்வாக அலை விடுவதுபோல, காற்றில் சாய்வான ஒலியலைகளை விடும். மாக் அலைகள் என்பது இவற்றைத்தான். மெதுவான தாரையில் இந்த நேரடி வழி இல்லை. ஆனால் நெளிவு ஒரே அளவில் ஓடுவதில்லையே, வளர்கிறது, போகப் போக அடுக்கு தடிப்பதால் தேய்ந்தும் போகிறது, அந்த ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் ஒலியாகக் கசிகிறது.

கசிந்த ஒலியும் நேராகப் போகாது. நடுவில் வேகமும் சூடும் அதிகம் என்பதால் தாரையோடு போகும் ஒலி வெளிப்பக்கமாக வளைகிறது, இது ஒலிவிலகல் (இலங்கைப் பாடநூல் வழக்கில் முறிவு). அதனால் தாரையின் அச்சை ஒட்டி, அது பாயும் திசையிலேயே, சத்தம் குறைந்த ஒரு கூம்பு விழுகிறது. அமைதிக் கூம்பு என்று சொல்லலாம்.

தாரை ஊதுவது மட்டுமில்லை, கேட்கவும் செய்யும். 1858இல் ஜான் லெகோன்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஓர் இசை நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தபோது, சுவரிலிருந்த எரிவாயு விளக்கின் சுடர், செல்லோ என்ற பெரிய நரம்புக் கருவியின் குழைவுகளுக்கு ஏற்பத் துடிப்பதைக் கவனித்தார். வெளியிலிருந்து வந்த ஒலி, வாயுத் தாரையின் விளிம்பில் அந்த முதல் நெளிவைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. காது கேளாதவர்கூட அந்த இசையைக் கண்ணால் பார்த்திருக்கலாம் என்று எழுதி வைத்தார்.