பாயிண்ட் கார்ட்: பந்தைக் கையாள்பவரா, ஆட்டத்தை நடத்துபவரா?

கூடைப்பந்தில் பாயிண்ட் கார்ட் என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. அந்தப் பெயரில் வரும் பாயிண்ட், ஸ்கோர் போர்டில் ஏறும் புள்ளி இல்லை. இங்கே அதற்கு முனை என்று பொருள். கூடைக்கு நேரெதிரே, வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் வளைவின் உச்சியில் பந்தோடு நிற்கிறாரே, ஐவர் அணிவகுப்பின் முனை அவர்தான். கார்ட் என்பது 'காத்தல்' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கூடைப்பந்தின் ஆரம்ப காலத்தில் கார்டுகள் பின்னால் நின்று சொந்தக் கூடையைக் காத்தார்கள். அப்புறம் வேலை மாறிவிட்டது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு 'பந்துகையாளி பின்காவல்' என்று ஒரு சொல் இணையத்தில் புழங்குகிறது. பின்காவல் அந்தப் பழைய பொருளைப் பிடித்து வைத்திருப்பதால் எனக்கு அது பிடிக்கும். பந்துகையாளியோடுதான் எனக்குச் சண்டை.

சிங்கப்பூரின் தேக்காவில் தம்பியோடு சாப்பிட உட்கார்ந்தால் மார்க்கஸ் ஸ்மார்ட் பேச்சு வராமல் எழுந்ததில்லை. 2022இல் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், 1996இல் கேரி பேட்டன் வாங்கியதற்குப் பிறகு அந்த விருது பெற்ற முதல் கார்ட். அந்தப் பருவத்தில் அவருடைய அப்போதைய அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் அவரையே பாயிண்ட் கார்டாக வைத்து இறுதிச் சுற்று வரை போய், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியிடம் ஆட்டக் கணக்கில் 4-2 என்று தோற்றது. "இறுதி வரைக்கும் கொண்டு போனாரே, இதுக்கு மேல என்னண்ணே வேணும்?" என்பான். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் நெருக்கடி வந்தால் அந்த அணி பந்தைக் கொடுத்துவிட்டு நம்பியிருந்தது சக ஆட்டக்காரர்களான டேட்டமையும் பிரவுனையும்தானே?

ஒரு தாக்குதலுக்கு 24 விநாடி. அதில் 8 விநாடிக்குள் பந்தைப் பாதி ஆடுகளம் தாண்டிக் கொண்டு போக வேண்டும், அதை நல்ல பந்துகையாளி யாராலும் செய்ய முடியும். மீதி 16 விநாடியை என்ன செய்வது என்பதில்தான் ஆள் தெரிகிறது. எங்கள் புளோக்குக்குப் பக்கத்து ஆடுகளத்தில் ஒரு பையன் பந்தை அற்புதமாகத் தட்டுவான், ஆனால் எதிரே ஒருவர் நெருங்கினால் அவன் கண் பந்துக்கு இறங்கிவிடும். அந்த ஒரு நொடியில் கூடைக்குக் கீழே ஆளில்லாமல் ஓடிவந்த நண்பன் கை நீட்டியிருப்பான், இவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த வழி அடைபட்டுவிடும்.

அணியில் தனக்குக் கொடுத்த வேலையை மட்டும் செய்பவரை ரோல் பிளேயர் என்பார்கள். அதில் வரும் ரோலும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான், நடிகரின் வசனம் எழுதிய தாள்சுருளைக் குறித்த சொல். ரோல் பிளேயரின் கையில் அவர் வசனம் மட்டும் இருக்கும், அதைப் பிரமாதமாகவும் பேசுவார். முனையில் நிற்பவருக்கோ ஐந்து பேருடைய வசனமும் தெரிந்திருக்க வேண்டும், யார் எப்போது பேச வேண்டும் என்பது உட்பட.

அதனால் நான் 'ஆட்ட நடத்துநர்' என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் நினைவுக்கு வரலாம். சிங்கப்பூர்ப் பேருந்துகளில் அவர் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, இங்கே குழப்பம் வராது. ஸ்மார்ட்டைப் பந்துகையாளி என்று தாராளமாக எழுதுவேன். நடத்துநர் என்று எழுத மட்டும் கை வரவில்லை, தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி.