க்ரீமில் எலுமிச்சை பிழிந்தால் ஏன் திரிவதில்லை?

சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரிந்துபோகும். பனீர் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வார்கள், மற்றவர்கள் தெரியாமல் செய்துவிட்டு சர்க்கரை போட்டுக் கிளறிச் சமாளிப்பார்கள். அதே எலுமிச்சையை, ஏறக்குறைய அதே சூட்டில், பாலுக்குப் பதிலாக க்ரீமில் பிழிந்து பாருங்கள். கட்டி விழாது, தண்ணீர் தனியாகப் பிரியாது, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கரண்டியின் முதுகில் கொஞ்சம் தடிப்பாக ஒட்டும், விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு காலையில் எடுத்தால், ஸ்பூனை நட்டால் சாயாமல் நிற்கிற, ஆனால் நாக்கில் வைத்ததும் கரைகிற ஒரு வெள்ளைப் பொருள் இருக்கும். இதுதான் மஸ்கார்போனே.

இத்தாலிய எலுமிச்சை இனிப்புகளில் வீட்டில் செய்ய லேசானது இதை வைத்துச் செய்வதுதான். சொரெந்தோவில் தெலிட்சியா அல் லிமோனே என்று அரைக்கோள வடிவத்தில் ஒரு கேக் உண்டு, கார்மினே மார்சுயில்லோ என்பவர் 1978-இல் உருவாக்கியது, அதற்குள் மூன்று நான்கு விதமான க்ரீம் போகும். அது ஒரு நாள் வேலை. நான் சொல்ல வருவது கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடும் எலுமிச்சை மஸ்கார்போனே க்ரீம். இத்தாலியின் இரண்டு கோடிகள் இதில் சேர்கின்றன. மஸ்கார்போனே வடக்கே லொம்பார்தியாவின் பால் வளம் கொழிக்கும் சமவெளிச் சரக்கு, லோதி பக்கத்தில் பிறந்தது. எலுமிச்சை தெற்கே நேப்பிள்ஸுக்குக் கீழே, கடலைப் பார்த்த மலைச்சரிவில், செஸ்ட்நட் கழிகளால் போட்ட பந்தலுக்கு அடியில் விளைவது. சொரெந்தோ எலுமிச்சைக்கு 2000-த்திலும் அமால்ஃபி எலுமிச்சைக்கு 2001-லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த இனிப்பில் எலுமிச்சை பார்ப்பது ஒரு வேலையல்ல, இரண்டு. சாறு கெட்டியாக்குகிறது, தோல் மணக்க வைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் செய்யும்போது சொதப்புகிறது.

முதலில் சாறு. பாலில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேலும் பூனை மயிர் மாதிரி ஒரு புரதப் படலம், அதில் எதிர் மின்னூட்டம். எல்லாவற்றிலும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன; அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது. அமிலத்தை அளக்கும் எண்ணான பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) பாலில் 6.7 பக்கத்தில், எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5 வரை. சாறு விழுந்ததும் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை அணைக்க ஆரம்பிக்கும். தள்ளுவதற்கு ஆளில்லாமல் போனால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பாலில் இதற்கு பிஹெச் 4.6 வரை இறங்க வேண்டும், தயிர் உறைவது அந்த அளவில்தான். பால் சூடாக இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், 5.3 பக்கத்திலேயே பனீர் விழுந்துவிடும். ஏனென்றால் சூடு ஏற ஏற, புரதத்தில் தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டுகிற வேகமும் ஏறுகிறது.

இதில் சூட்டுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. பாலின் மிச்சப் புரதங்களில் முக்கியமானது பீட்டா லாக்டோகுளோபுலின். சும்மா இருக்கும்போது சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி இருக்கும், அமிலத்தைக் கண்டாலும் அசையாது. எழுபது டிகிரியைத் தாண்டினால் கண்டு பிரியும், பிரிந்த நூல் கேசீன் உருண்டையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய நூல் தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். பாலை நன்றாகக் காய்ச்சி உறை ஊற்றினால் தயிர் கெட்டியாக வருகிறதே, காரணம் இதுதான். மஸ்கார்போனேவுக்கு 85-லிருந்து 90 டிகிரி வரை சூடு சொல்வதும் இதற்காகத்தான், கிருமியைக் கொல்வதற்காக மட்டும் இல்லை.

சரி, இதெல்லாம் க்ரீமிலும் நடக்கிறது என்றால் அது ஏன் பனீராகவில்லை? கணக்கைப் பாருங்கள். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய சரிக்குச் சரி, இரண்டும் 3, 4 சதவீதம். 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமில் புரதம் 2 சதவீதம்தான்; அதாவது ஒரு பங்கு புரதத்துக்குப் பதினேழு பங்கு கொழுப்பு. பாலில் ஒட்டிக்கொண்ட புரத இழைகள் அதோடு நிற்காமல், இறுகிச் சுருங்கி, நடுவில் இருக்கும் தண்ணீரை ஈரத்துணி முறுக்குவது மாதிரி வெளியே தள்ளும். க்ரீமில் அவை கைகோத்துக்கொள்ளும், ஆனால் இறுக முடியாது. எங்கு பார்த்தாலும் கொழுப்பு உருண்டைகள் குறுக்கே நிற்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர்களைப் பார்த்த கதை, கையை எட்டிப் பிடித்துக்கொள்ளலாம், கட்டிக்கொள்ள இடமிருக்காது. அதனால் மெல்லிய, தளர்ந்த ஒரு வலை மட்டும் உருவாகிறது. தண்ணீரின் பெரும்பகுதி அந்த வலைக்குள்ளேயே நின்றுவிடும், கொஞ்சம்தான் துணியில் வடியும்.

நாக்குக்கு வழவழப்பாகத் தெரிவதும் இதனால்தான். சுமார் 20, 30 மைக்ரோமீட்டருக்கு மேல் போன துகளை நாக்கு மணல் மாதிரி உணர்ந்துவிடும். கொழுப்பு உருண்டைகள் அதைவிட மிகச் சின்னவை, புரதக் கட்டிகளும் அந்த அளவுக்கு வளர வழியில்லை.

செய்முறை என்று தனியாக எழுத ஒன்றும் இல்லை. 500 மில்லி க்ரீமை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, கொதிநீர் உள்ள இன்னொரு பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்குங்கள். அலுமினியம் வேண்டாம், அமிலம் அதை அரித்து ருசியைக் கெடுக்கும். தெர்மாமீட்டர் இருந்தால் 85 டிகிரி, இல்லையென்றால் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் தெரிந்து நன்றாக ஆவி வரும் நேரம். கொதிக்க விடக்கூடாது, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே நிற்கும். வடிகட்டிய சாறு ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, அதே சூட்டில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறி இறக்கி ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிதட்டில் விரித்து, அதில் ஊற்றி, ஃப்ரிட்ஜுக்குள் 12 மணி நேரம். பிழியக் கூடாது.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் பொறுமை போகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று சாற்றை ஊற்றுவோம். வேண்டாம். வலை அப்போதே விழுந்துவிட்டது, ஆனால் கொழுப்பு முழுக்க உருகிய நிலையில் இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. ஃப்ரிட்ஜில் ஆறும்போது பால் கொழுப்பின் ஒரு பகுதி படிகமாகி இறுகும், கெட்டித்தன்மையில் பாதி அப்போதுதான் வரும். அதே கொழுப்பு வாயின் சூட்டில் திரும்ப உருகிவிடும்.

இத்தாலியில் சாற்றுக்குப் பதில் சிட்ரிக் அமிலத்தையோ டார்டாரிக் அமிலத்தையோ போடுவதும் வழக்கம்தான். டார்டாரிக் அமிலம் திராட்சையில் இருப்பது, நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதுதான். அதற்காகப் புளித்தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டாம், ரசவாசனையோடு ஒரு பழுப்பு க்ரீம் கிடைக்கும்.

எந்த க்ரீம் என்பதில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். பேக்கரிச் சாமான் கடையில் ‘விப்பிங் க்ரீம்’ என்று கேட்டு வாங்கி வந்து, சூடாக்கி, சாறு ஊற்றி, ராத்திரி வைத்து, காலையில் பார்த்தால் போட்டது போட்டபடி தண்ணியாகவே கிடந்தது. துணி வழியாக முக்கால்வாசி கீழே இறங்கியிருந்தது. அட்டையைத் திருப்பிப் படித்தால் தாவரக் கொழுப்பு, சர்க்கரை, நிலைப்படுத்திகள். அடித்தால் நுரைக்கும், கேக்குக்குப் பூ போடலாம், ஆனால் எலுமிச்சை பிடித்துக் கட்ட அதில் போதுமான பால் புரதம் இல்லை. வாங்கும்போது பால் கொழுப்பா என்று பாருங்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள ‘ஃப்ரெஷ் க்ரீம்’ பரவாயில்லை, தண்ணீர் கொஞ்சம் அதிகம் வடியும், கொஞ்சம் இளகலாக வரும். பால் காய்ச்சி எடுத்த ஆடையைச் சேர்த்து வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. ஆடை என்பது ஏற்கெனவே கொழுப்பும் புரதமும் சிக்கலாகிப் படிந்த தோல். அதைக் கலைக்க மிக்சியில் ஓட்டினால் வெண்ணெய்தான் வரும்.

இப்போது தோல். எலுமிச்சையின் மணம் சாற்றில் ரொம்பக் குறைவு, அது தோலின் மேல்பரப்பில் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளாக உட்கார்ந்திருக்கிறது. மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் தோலை மடித்துப் பிதுக்கினால் பொறி பறக்குமே, அந்த எண்ணெய். அதில் பெரும்பங்கு லிமோனீன், ஆனால் ‘இது எலுமிச்சை’ என்று மூக்குக்குச் சொல்வது அளவில் மிகக் குறைவாக இருக்கும் சிட்ரால். எலுமிச்சைப்புல்லைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வருவதற்கும் அதே சிட்ரால்தான் காரணம். இரண்டுமே தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இரண்டுமே சூட்டில் பறக்கும். சிட்ராலுக்கு இன்னொரு பலவீனம், அமிலத்தில் இருந்தால் மெல்ல மெல்ல உருமாறி வேறு பொருளாகிவிடும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. அதனால் சூடான க்ரீமில் சாற்றோடு சேர்த்துத் தோலையும் துருவிப் போடுவது வாசனையைக் காற்றில் விடுவது. சாறு அடுப்பில், தோல் அடுப்பை அணைத்து எல்லாம் குளிர்ந்த பிறகு.

துருவியதைச் சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகத் தேய்ப்பது பழைய வித்தை. படிகங்களின் கூர்முனை எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும், வெளியே வரும் எண்ணெயைச் சர்க்கரை ஏந்திக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் சர்க்கரை ஈரமணல் மாதிரி ஆகி, லேசாக மஞ்சளடித்து, அறை முழுக்க மணக்கும். மேல் நிறம் மட்டும் துருவுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும். நம் சந்தையில் எலுமிச்சை என்று விற்கும் சின்ன உருண்டைப் பழம் உண்மையில் லைம் இனம், இத்தாலியப் பழம் லெமன், வேறு ஜாதி; பெரியது, தோல் தடித்தது, மணமும் வேறு. சாற்று வேலைக்கு நம் பழம் போதும், இன்னும் நன்றாகவே செய்யும். தோலுக்கு முடிந்தால் லெமன் வாங்குங்கள், பழத்தின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத் துருவுங்கள்.

இத்தாலிக்காரர்கள் இதே எண்ணெயை ஆல்கஹாலில் இறக்கி, சர்க்கரைப் பாகு சேர்த்து லிமொன்செல்லோ ஆக்குகிறார்கள். பாகு சேர்ந்ததும் தெளிவாக இருந்தது பால் மாதிரி கலங்கும், எண்ணெய் தாக்குப்பிடிக்க முடியாமல் துளிகளாகப் பிரிகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அந்தத் துளிகள் மேலே மிதக்காமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள லாவே-லாஞ்ஜவின் ஆய்வு நிலையத்தில், அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையை வைத்து இதைப் பார்த்து 2018-இல் எழுதினார்கள்: துளிகள் நூறு நானோமீட்டர் அளவில்தான் இருக்கின்றனவாம். ஒரு பானத்துக்கு அணு உலையா என்று கேட்காதீர்கள், எனக்கு அந்த வேலை கிடைத்தால் நாளைக்கே கிளம்பிவிடுவேன்.

கடைசிக் கலவையில் 250 கிராம் மஸ்கார்போனே, இரண்டு பழத் தோல் தேய்த்த 70 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சாறு. வேண்டுமானால் தனியே அடித்த 150 மில்லி க்ரீமை மடித்துச் சேர்க்கலாம், பாரம் குறையும். இப்போது ஊற்றும் சாறு ருசிக்கு, ஆனாலும் கலக்கக் கலக்க இன்னும் கொஞ்சம் இறுகுவதைக் கை உணரும், வலையின் மிச்ச முடிச்சுகள் விழுகின்றன. அங்கேயே நிறுத்துங்கள். கரண்டியால் மட்டும் கலக்குங்கள், பீட்டர் வேண்டாம். மஸ்கார்போனேவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. இன்னும் கொஞ்சம் அடித்தால் உருண்டைகள் உரசி, உடைந்து, ஒன்றாகி, கண்முன்னே குருணையாகி அடியில் தண்ணீர் நிற்கும். அதற்குப் பெயர் வெண்ணெய். குருணை தட்ட ஆரம்பித்த உடனே இரண்டு ஸ்பூன் க்ரீமை ஊற்றி மெதுவாகக் கிளறினால் சில சமயம் பிழைக்கும். முழுக்கப் பிரிந்துவிட்டால் பிரெட்டில் தடவுங்கள், எலுமிச்சை வெண்ணெய் ஒன்றும் மட்டமில்லை.

கிண்ணத்தில் ஊற்றி இரண்டு மணி நேரம் குளிரவைத்துச் சாப்பிடும்போது கவனியுங்கள், புளிப்பு உடனே தெரியும், வாசனை கொஞ்சம் பிந்தித்தான் வரும். அமிலம் தண்ணீர்ப் பகுதியில் இருக்கிறது, எண்ணெய் கொழுப்புக்குள் இருக்கிறது, கொழுப்பு உருகினால்தான் அது மூக்குக்கு ஏறும். ஃப்ரிட்ஜ் குளிரில் அப்படியே விழுங்கினால் பாதி வாசனை வீண், பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் தொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். கெட்டுப்போகும் பயம் ஒருபக்கம் இருக்கட்டும், அதற்கு முன்பே வலை இறுகி அடியில் தண்ணீர் விடும், சிட்ராலும் அமிலத்தில் ஊறி மங்கிப்போகும்.