புல்லின் உயரமும் வேரின் ஆழமும்

மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் போன்ற இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீட்டு முற்றத்தில் புல்தரை வளர்ப்பவர்கள் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, புல்லை எந்த உயரத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பற்றி எண்ணுவதில்லை. இந்த மணல் நிலத்தில் அந்த உயரமே தண்ணீர்த் தேவையைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஆடு மேய்ந்த இடத்தில் அருகம்புல் மீண்டும் தழைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புல்லின் வளர்முனை தரையை ஒட்டிய அடித்தண்டில் இருப்பதாலும், ஒவ்வோர் இலையும் தன் அடிப்பகுதியிலிருந்தே நீள்வதாலும், நுனி போனாலும் வளர்ச்சி தொடர்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய மாவுப்பொருளைச் சமைப்பதும் அந்தப் பச்சை இலையே. ஒரே வெட்டில் பாதி இலையை இழந்த புல், கையிருப்பையெல்லாம் புதிய இலைக்கே செலவிட்டு, வேரைப் பட்டினி போடுகிறது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிராங்க்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வு, பாதியோ அதற்கு மேலோ வெட்டப்பட்டபோது பெரும்பாலான புல்வகைகளில் வேர் வளர்ச்சி பல நாள்கள் நின்றுபோனதைக் காட்டியது. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்னும் விதியின் பின்னணி இதுதான்.

‘அருகுபோல் வேரூன்றி’ என்று நாம் வாழ்த்துகிறோமே, அந்த வேர் இங்கே மிகவும் தேவை. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்து முடிகிறது. மணலின் மேற்பரப்பு விரைவில் காய்ந்துவிடுகிறது. ஆழத்து ஈரத்தை எட்டாத வேர் சித்திரை வெயிலைத் தாங்காது. மேலும், மொட்டையாக வெட்டிய தரையில் வெயில் நேரே படுவதால் நீர் ஆவியாகி, அதிலிருந்த உப்பு மேலே தங்கிவிடுகிறது. கிணற்று நீரே உப்புக் கரிக்கும் தெருக்களில் இது சிறு தீங்கு அன்று. நிழல் தரும் அளவுக்கு இலை இருந்தால் ஆவியாதல் குறைகிறது.

ஆகவே வீட்டு அருகம்புல்லை 6 செ.மீ. வளர்ந்ததும் 4 செ.மீ.க்கு வெட்டலாம், கோடையிலும் ஆடிக் காற்றிலும் 5 செ.மீ. விடுவது நல்லது. அதற்காக வளரவிட்டுக்கொண்டே போகவும் கூடாது. அடி இலைகள் நிழலில் உதிர்ந்து தண்டு பழுப்பேறிவிடும்; பிறகு ஒரேயடியாக வெட்டினால் வைக்கோல்தான் தெரியும். 10 செ.மீ. உயர்ந்துவிட்ட புல்லை முதலில் 7க்கும், சில நாள் கழித்து 5க்கும் இறக்க வேண்டும்.

புல்வெட்டும் இயந்திரத்தில் குறித்திருக்கும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மணலில் சக்கரம் புதைவதால் கத்தி தாழ்ந்துவிடும். வெட்டிய பின் நாலைந்து இடங்களில் அளவுகோலை ஊன்றிப் பார்ப்பதே உறுதி. மழுங்கிய கத்தி இலையைக் கிழிப்பதால் நுனி வெளுத்து, ஈரம் வீணாகிறது. வெட்டி விழுந்த சிறு துணுக்குகளை வாரி எறியாமல் விட்டால், அவை மட்கித் தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. சத்துக் குறைந்த மணலுக்கு இது பெரிய உதவி.

மழைக்காலத்தில் புல் வேகமாக வளரும். அப்போது கிழமை பார்த்து வெட்டாமல், ஈரம் வடிந்த பின் உயரம் பார்த்து வெட்ட வேண்டும்.